ஐந்துக்கு இரண்டு

கடைசி நடை முடிந்து
பேருந்தைக் கழுவ விட்டுவிட்டு
புக்கிட் பாஞ்சாங்கில் பதினோராம் மாடிக்கு
மின்தூக்கி ஏறும்போதே
இயர்போனைச் செருகிக்கொள்வேன்.
சீட்டு வித்தை சொல்லித்தருகிறவர்கள்
ராத்திரியில் தூங்குவதே இல்லை.

மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கம்
அவர்களுக்கு மதிப்பெண் போடுகிறேன்.

பதினெட்டு வெள்ளி கொடுத்து வாங்கியது முதல் காணொளி.
கறுப்பு மேசைவிரிப்பு, மூன்று விளக்கு,
பாதி நேரம் அவர் மோதிரம்தான் தெரிகிறது.
சீட்டு நழுவும் அந்த நொடியில் மட்டும்
காட்சி தாவிவிடும்.
கட்டை வெட்டச் சொன்னால்
படத்தை வெட்டுகிற ஆள்.
ஒன்றரை.

இன்னொருவருக்கு இசைப் பைத்தியம்.
சுண்டுவிரலை எங்கே நுழைக்கணும் என்று
வாய் திறக்கும்போது
டமடமவென்று ஏதோ அடிக்கிறது.
உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.
இரண்டேகால்.

தோளுக்குப் பின்னால் காமிரா வைத்து
அவர் கண்ணாலேயே காட்டுகிறவரை
எல்லாரும் கொண்டாடுவார்கள்.
நான் அரை மதிப்பெண் குறைப்பேன்.
நான் இடக்கைக்காரி.
எதிரே உட்கார்ந்து செய்பவர்தான்
எனக்குக் கண்ணாடி:
அவர் வலக்கை அசையும் பக்கமே
என் இடக்கையும் அசையும்.
கண்ணாடி பார்த்துப் பிழைக்கிறவளுக்கு
அது போதும்.

இருப்பதிலேயே உயர்ந்தவள்
எந்த ஊர்ச் சமையலறையிலோ இருக்கும் ஒரு பெண்.
பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது.
ஏழாம் நிமிடம் கட்டு முழுக்கச் சிதறுகிறது.
வெட்டி எறியாமல்
மேசைக்கடியில் குனிந்து பொறுக்குகிறாள்,
தலையை இடித்துக்கொள்கிறாள்,
'இங்கதான் எல்லாருக்கும் விழும்' என்கிறாள்.
இரண்டு சீட்டை ஒன்றுபோலத் தூக்க
அவளிடம்தான் கற்றேன்.
நாலரை. அரை, குக்கருக்காகப் பிடித்தது.

பனியன்காரர் ஒருவர் உண்டு.
நான்கு நிமிடம் நாற்காலியை இழுக்கிறார்.
காமிரா கவிழ்கிறது. நிமிர்த்துகிறார்.
மறுபடி நாற்காலி.
தள்ளிவிட்டுப் பார்த்தேன். ஒலி கிணற்றுக்குள்ளிருந்து.
ஐந்துக்கு இரண்டு.
பக்கத்தில் எழுதியும் வைத்தேன்:
'வித்தை எப்போது, ஐயா?'

வியாழன் மதியம், டிப்போ கேன்டீன்.
வெளியே கொட்டும் மழை, உள்ளே வட்ட மேசை.
ரொஸ்னா எடுத்தது டைமன் ஒன்பது.
குவெக் கோப்பியைத் தள்ளி வைத்துவிட்டு
முன்னால் சாய்ந்தார்.
கை நடுங்கவில்லை.
முழுப் பூசணிக்காயும்
சோற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

'டுவா.'

பின்னால்.
மீ கோரிங் தட்டோடு இடம் தேடி நின்ற
ஜொகூர்ப் பையன், புதிய ஓட்டுநர்,
ஹைக்கல்.
கேலி செய்யவில்லை. எண்ணிச் சொன்னான், அவ்வளவுதான்.
இரண்டு சீட்டு.
ரொஸ்னா சிரித்த சிரிப்பில்
மேசை மிளகாய்த் தட்டு ஆடியது.

காமிராவுக்கு ஒரே கண்.
அதுவும் எதிரே.
குக்கர்க்காரிகூடச் சொல்லவில்லை
என் முதுகுக்குப் பின்னால்
ஒருவன் பசியோடு நிற்பான் என்று.
பதினான்கு வருடமாக
கண்ணாடியில் விழாத மூலையைத்
தலை திருப்பிப் பார்த்து ஓட்டுகிறவள் நான்.
சீட்டைத் தொட்டதும் அது மறந்துவிட்டது.

அன்றிரவு பனியன்காரரைத் தேடி எடுத்தேன்.
இம்முறை தள்ளவில்லை.
இழுக்கிறார், உட்கார்கிறார்,
இடப்பக்கம் ஒரு பார்வை,
வலப்பக்கம் ஒன்று,
பிறகு கழுத்தை முழுக்கத் திருப்பி
சுவரைக் கையால் தட்டிப் பார்க்கிறார்.
அதற்கப்புறம்தான்
சீட்டுக்கட்டு பையிலிருந்தே வெளியே வருகிறது.

இரண்டை அடித்தேன்.
மூன்றே முக்கால் போட்டேன்.
ஒலி மோசம்தான், அதில் மாற்றமில்லை.

கேன்டீனில் தூணை ஒட்டி ஒரு மேசை உண்டு.
மின்விசிறி எட்டாது, யாரும் உட்கார்வதில்லை.
நாளை மூன்று மணிக்கு
ரொஸ்னாவை அங்கே வரச் சொல்லியிருக்கிறேன்.
ஹைக்கலையும்.